ஒக்டோபருக்குள் மூட வேண்டிய வீதி: யாழ்ப்பாணத்து மழையும் நெடுஞ்சாலை வேலைகளும்

கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் மழை பெய்யும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். நெல் விதைப்பவர் அந்த மழையை நம்பித்தான் வயலை உழுகிறார். எந்தப் பயிரை மாரிக்கு முன் கிளப்ப வேண்டும், எதை மாரி கழிந்த பின் நட வேண்டும் என்பதைத் தோட்டக்காரர் தகப்பனிடமிருந்தே கற்றுக்கொண்டுவிடுகிறார். கிடுகு வேலியும் கூரையும் மழைக்கு முன் மாற்றப்பட்டுவிடும். வீதி வேலைகள் மட்டும் ஆண்டுதோறும் அதே மழையில் அதே விதமாக அகப்பட்டுக்கொள்கின்றன. நவம்பர் கடைசியில் கிளறிப்போட்ட வீதி, வீதிக்குக் குறுக்கே நீர் போக ஒரு பக்கம் மட்டும் கட்டி நிற்கும் மதகு, சேறாகிப்போன கிறவல், அவற்றோடு சேர்ந்து "சீரற்ற காலநிலை காரணமாக வேலைகள் தாமதமடைந்துள்ளன" என்ற விளக்கம்.

இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் இடம் தருவதில்லை. வீதி வேலை செய்பவரின் கண்ணால் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் காலநிலை ஒழுங்கானது. இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் ஆண்டில் இரண்டு பருவங்கள் மழை கொட்டும். இடையில் கிடைக்கும் உலர்ந்த வாரங்களை எண்ணி எண்ணி வேலை செய்ய வேண்டும். இங்கே மழைக்கென்று ஒரு காலம், வெயிலுக்கென்று ஒரு காலம் என்று தெளிவாகப் பிரிந்து கிடக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. நவம்பரில் மாதத்தின் ஏறத்தாழப் பாதி நாள்கள் மழை நாள்கள். ஏப்ரல் பக்கம் கொஞ்சம் சிறுமாரி உண்டு. ஜூனிலும் ஜூலையிலும் சராசரி மழை 20 மில்லிமீற்றர் அளவில்தான். அதாவது பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை எட்டு மாதங்கள் வீதி வேலைக்குத் திறந்து கிடக்கின்றன. இப்படி ஒரு பஞ்சாங்கம் கையில் இருக்கும்போது மழையில் அகப்படுவது வானத்தின் குற்றம் அல்ல.

மழை ஒரு வீதியை எப்படி நிறுத்துகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் வீதியின் மேல் நீர் விழுவது சிறிய பிரச்சினை. மண்ணுக்குள் நீர் நிற்பதே பெரிய பிரச்சினை. வீதியின் கீழ் மண்ணை எவ்வளவு இறுக அமுக்குகிறோமோ அவ்வளவுக்கே மேலே போடும் எல்லாம் நிலைக்கும். 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் புரொக்டர் வகுத்துக் காட்டிய விதி இன்றும் உலகெங்கும் இதற்கு அடிப்படை: ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் உகந்த ஈரப்பதன் உண்டு; அந்த ஈரத்தில் அமுக்கினால்தான் மண் தன் உச்ச அடர்த்தியை அடையும். ஈரம் குறைந்தால் மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும். கூடினால் துகள்களுக்கு இடையில் நீர் இடம் பிடித்துக்கொள்ளும். நீரை எந்த ரோலராலும் நசுக்க முடியாது. உச்ச அடர்த்தியில் 95 சதவீதம், 98 சதவீதம் என்று விவரக்குறிப்பு கேட்பது இதனால்தான்.

அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பரிசோதனைக்கூட முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குவார். கையை விரித்ததும் மண் உருண்டையாகவே நின்று, விரலால் தட்ட இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர்ப் பவுசரைக் கூப்பிட வேண்டும். உள்ளங்கையில் ஈரம் பளபளத்து மண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு ரோலரை ஓரமாக நிறுத்திவைக்க வேண்டியதுதான். அதையும் மீறி ஓட்டினால், ரோலர் ஏறும்போது மண் அமுங்கி, அது கடந்ததும் மெத்தைபோல் மெல்ல எழும்பும். கண்ணால் பார்த்தாலே தெரிகிற இந்தக் குறையின் மேல் சல்லியைப் போட்டு மூடினால், முதல் ஆண்டிலேயே அந்த இடத்தில் சக்கரத் தடம் விழும். அடுத்த மாரியில் குழியாகும்.

ஆகவே மழை நாளும் வேலை இழந்த நாளும் ஒன்றல்ல. வேலைத்திட்டம் போடுபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. நவம்பரில் 15 மழை நாள்கள் என்றால் மீதி 15 நாள்கள் வேலை செய்யலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாள் 40 மில்லிமீற்றர் மழை பெய்தால், அடுத்த இரண்டு மூன்று நாள்கள் வெயில் எறித்தாலும் மண் வேலைக்கு ஆகாது. நான்காம் நாள் மண் காயும்போது அடுத்த மழை வந்துவிடும். ஒரே அளவு மழை தொடர்ந்து ஐந்து நாளில் பெய்வதும், மாதம் முழுக்கச் சிதறிப் பெய்வதும் வீதி வேலைக்கு ஒன்றே அல்ல. சிதறிப் பெய்வது கூடுதலாகக் கெடுக்கும். மழைமானியில் மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஒவ்வொரு வேலைக்கும் மழையோடு உள்ள உறவு வேறு. மண்வேலைக்கு மேலே சொன்ன கதை. ஏ.பி.சி. என்று வேலைத்தளத்தில் சொல்லும் கலப்புச் சல்லித் தளம் சற்று நீரைத் தாங்கும். ஆனால் மூடாமல் விட்டு அதன் மேல் வாகனம் ஓடினால் நுண்துகள்கள் கழுவுண்டு போய்ச் சல்லி மட்டும் மிஞ்சும். அதன் மேல் தெளிக்கும் பிரைம் கோட் என்ற முதல் தார்ப்பூச்சு ஊறிக் காய ஒரு நாள், இரண்டு நாள் வேண்டும். அதற்குள் ஒரு பாட்டம் மழை பெய்தால் தார் கரைந்து வாய்க்காலுக்குள் ஓடும். அருகிலுள்ள மதில்களில் கறுப்புத் தெறிப்பும், ஒப்பந்தகாரருக்கு இரட்டைச் செலவும் மிஞ்சும். காப்பெற் என்ற மேல் தார்த்தளம் போடுவதற்கான கலவை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் கலக்கப்பட்டு, படங்கு மூடிய டிப்பரில் வந்து, 80, 90 பாகைக்குக் கீழே இறங்குமுன் உருட்டி முடிக்கப்பட வேண்டும். ஈரத் தளத்தில் அதைக் கொட்டினால் அடியில் நீராவி எழும்பி ஒட்டைப் பிரித்துவிடும். மேலே மழை விழுந்தால் உருட்டுமுன் ஆறிவிடும். காலையில் கலவை ஆலைக்கு "அனுப்புங்கள்" என்று சொன்ன பின் மத்தியானம் மழை வந்தால் வழியில் நிற்கும் ஒவ்வொரு டிப்பரும் நட்டம். கொங்கிறீற்றுக்கு மழை ஒப்பீட்டளவில் சிறிய எதிரி. வீதிக் கோடு அடிப்பதற்கு ஒரு சொட்டும் ஆகாது.

இதனால் நல்ல வேலைத்திட்டம் ஒரே ஒரு நாட்காட்டியை வைத்துக்கொள்ளாது. மண்வேலைக்கு ஒன்று, தார்வேலைக்கு ஒன்று, மதகுக்கு ஒன்று, முற்றத்தில் வார்க்கும் கொங்கிறீற் வேலைக்கு ஒன்று என்று தனித்தனி நாட்காட்டிகள் வேண்டும். கணினியில் திட்டம் வரையும் எந்த மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துபவர்கள் குறைவு. நவம்பரில் மண்வேலைக்கு நான்கோ ஐந்தோ நாள், முற்ற வேலைக்கு இருபது நாள் என்று எழுதிப் பார்த்தால், எந்த வேலையை எந்த மாதத்தில் வைக்கக்கூடாது என்பதை அட்டவணையே சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத்தின் நிலம் இதற்கு மேல் தன் பங்குக்குச் சில நிபந்தனைகளைப் போடுகிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள். மழை நீர் கல்லின் பிளவுகள் வழியாகக் கீழே இறங்கி நன்னீர் வில்லையாகத் தங்குகிறது. நம் கிணறுகளின் உயிர் அதுதான். மாரியில் அந்த நீர்மட்டம் மேலே ஏறி வரும். மதகுக்கு அத்திவாரம் வெட்டும் குழிக்குள் நாலா பக்கமும் நீர் ஊறும். பம்பு வைத்து இறைத்தால் இறைக்க இறைக்க வரும். களிமண் நிலத்தில் குழியைச் சுற்றித் தடுத்து நீரை வெளியேற்றலாம். துவாரக் கல்லில் அது நடக்காது. மழை விட்ட பிறகும் நீர்மட்டம் உடனே இறங்குவதில்லை. மேலே தூசி பறக்கும் ஜனவரியிலும் அரை மீற்றர் கீழே மண் நனைந்திருக்கும். மழை நின்ற மறுநாளே மண்வேலையைத் தொடங்கலாம் என்று திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிலம் தட்டையாக இருப்பது இரண்டாவது நிபந்தனை. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்தின் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, தெல்லிப்பழைப் பக்கத்து நீரைக் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக்குக் கொண்டுபோய்க் கடலேரியில் விடுகிறது. மற்ற இடங்களில் குளம், கேணி, வெள்ளவாய்க்கால், தாழ்ந்த வயல் என்று நீர் கையிலிருந்து கைக்கு மாறிப் போகிறது. ஓர் அங்குலம் ஏற்ற இறக்கம் போதும், நீர் திசை மாறிவிடும். அந்தப் பாதையில் ஒரு மதகைப் பாதி கட்டிய நிலையில் நவம்பரில் விட்டுவைத்தால் பாதிப்பு வீதிக்கு மட்டும் அல்ல. மேற்பக்கத்து வயலில் நெல் அழுகும். வளவுக்குள் வெள்ளம் ஏறும். மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலக்கும். சனம் வந்து வேலையை மறிப்பது அதற்குப் பிறகுதான். "பொதுமக்களின் எதிர்ப்பால் தாமதம்" என்று பதிவேட்டில் இன்னொரு காரணமாக எழுதப்படுவதன் வேர் பல இடங்களில் மூடப்படாத மதகிலேயே இருக்கிறது.

மூன்றாவது, கல். குடாநாட்டில் கருங்கல் இல்லை. சல்லியும் நல்ல கிறவலும் வன்னிப் பெருநிலத்திலிருந்து ஏ9 வழியாகவோ, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் ஏ32 வழியாகவோ வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெயில் எறித்தாலும், வன்னியில் மழை பெய்து கிறவல் அகழும் குழி நீரால் நிரம்பி, உட்பாதையில் டிப்பர் புதைந்தால் இங்கே ரோலர் சும்மா நிற்கும். மழைக் கணக்கு பார்க்கும்போது வேலைத்தளத்து மழையை மட்டும் பார்ப்பது போதாது. கல் புறப்படும் இடத்து மழையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செப்டெம்பருக்குள் போதிய சல்லியை முற்றத்தில் குவித்துவைத்திருக்கும் ஒப்பந்தகாரருக்கும், அன்றன்றைக்கு ஓடர் கொடுப்பவருக்கும் இடையே டிசம்பரில் தெரியும் வித்தியாசம் பெரியது. ஆனால் குவித்துவைக்க முன்பணம் வேண்டும்.

பணத்துக்கு வந்துவிட்டோம். என் பார்வையில் இந்த முழு விடயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

இலங்கை அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வழமையாக நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்டு டிசம்பரில் நிறைவேறும். ஒதுக்கீடு திறைசேரியிலிருந்து அமைச்சுக்கும் மாகாணத்துக்கும் இறங்கி, மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தகாரர்களிடம் விலைமனு கேட்கும் கேள்வி கோரப்பட்டு, மதிப்பிடப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஆண்டின் பாதி போயிருக்கும். எட்டு உலர்ந்த மாதங்களில் ஐந்து, ஆறு மாதங்கள் கோப்புக்குள் கழிந்துவிடுகின்றன. இயந்திரம் வீதியில் இறங்கும்போது ஓகஸ்ட், செப்டெம்பர். டிசம்பர் 31க்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் ஒதுக்கீடு திரும்பிவிடும் என்ற அச்சமும் அதே நேரத்தில் வந்து கழுத்தில் அமரும். ஆக, பணம் மிக வேகமாக ஓட வேண்டிய மாதங்களும், மழை மிகக் கடுமையாகப் பெய்யும் மாதங்களும் ஒரே மாதங்கள். தேர்தல் ஆண்டுகளில் நிலைமை இன்னும் இறுகும். 2024 தேர்தல்களுக்குப் பின், 2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டமே 2025 பெப்ரவரி 17ஆம் திகதிதான் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். பத்து கிலோமீற்றர் வீதி. அகலிப்பு, பன்னிரண்டு மதகுகள், சல்லித் தளம், காப்பெற். மழை குறுக்கிடாவிட்டால் ஒன்பது மாத வேலை என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி நடுவில் தொடங்கினால் முதல் ஒரு மாதம் முகாம் அமைப்பதிலும் அளவையிலும் போகும். அப்போது மண்ணும் காயும். பெப்ரவரி நடுவிலிருந்து மே வரை மதகுகளும் அகலிப்பும். ஏப்ரலில் ஓரிரு மழை வந்தாலும் தாங்கும். ஜூன், ஜூலையில் சல்லித் தளம். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் காப்பெற். ஒக்டோபர் நடுவில் வீதியோர வேலையும் கோடும் முடிந்து இயந்திரம் வெளியேறும். அதே வேலையை ஜூலை முதலாம் திகதி தொடங்கினால் ஓகஸ்டில் மதகு வெட்டத் தொடங்குவார்கள். ஒக்டோபர் நடுவில் ஆறு மதகுகள் முடிந்திருக்கும், மூன்று பாதியில் நிற்கும், மூன்று தொடப்பட்டிருக்காது. அகலிப்புக்காக வெட்டிய இரு பக்க வீதியோரங்களும் மழைநீர் ஓடும் கால்வாய்களாகும். மூன்று மாதம் வேலை நிற்கும். ஜனவரி நடுவில் திரும்பி வரும்போது முதல் வேலை, மழை கெடுத்ததைத் தோண்டி எறிவது. மார்ச் முடிவில் முடிய வேண்டிய வீதி ஜூலையைத் தொடும். இரண்டிலும் ஒப்பந்தகாரர் ஒருவரே, இயந்திரமும் ஒன்றே. வேறுபட்டது கையெழுத்து விழுந்த திகதி மட்டும்.

ஆகவே காலநிலைத் திட்டமிடல் என்பது ஒப்பந்தகாரர் தன் அட்டவணையில் பத்து நாளைக் கூட்டி எழுதுவது அல்ல. கேள்வி எந்த மாதத்தில் கோரப்படுகிறது என்பதிலேயே அது தொடங்குகிறது. மாரி மாதங்களில் வடிவமைப்பையும் கேள்வியையும் முடித்து, தை மாதத்தில் இயந்திரம் இறங்கும்படி செய்வதே இந்த மாவட்டத்துக்கு ஏற்ற ஒழுங்கு. பல்லாண்டுத் திட்டங்களுக்கு, குறிப்பாக ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற நிறுவனங்களின் கடனில் நடப்பவற்றுக்கு, இது கைக்கெட்டிய காரியம். அங்கே பணம் டிசம்பரோடு காலாவதியாவதில்லை. ஓராண்டு ஒதுக்கீட்டில் நடக்கும் மாகாண, பிரதேச சபை வேலைகளுக்குத்தான் வழி தேட வேண்டும். மதிப்பீட்டையும் வரைபடத்தையும் முந்தைய ஆண்டே தயாராக வைத்திருந்தால் மூன்று மாதம் மிச்சம். வேலையை இரண்டாகப் பிரித்து, இந்த ஆண்டு மதகும் வடிகாலும், அடுத்த ஆண்டு தளமும் காப்பெற்றும் என்று செய்வதும் ஒரு வழி. முதல் மாரியில் புதிய வடிகால் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளவும் அதில் இடம் உண்டு.

ஒப்பந்தத்தின் விதிகள் இதைப்பற்றி என்ன சொல்கின்றன? பன்னாட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் பயன்படும், ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பின் ஒப்பந்த நிபந்தனைகளின் 1999 பதிப்பு, "விதிவிலக்கான பாதகக் காலநிலை" ஏற்பட்டால் ஒப்பந்தகாரருக்குக் கால நீடிப்புத் தருகிறது, பணம் தருவதில்லை. 2017 பதிப்பு அதை இன்னும் தெளிவாக்கி, அந்த இடத்துக்கான காலநிலைத் தரவுகளைப் பார்த்து முன்கூட்டி ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் பரவலாகவுள்ள என்.இ.சி. ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணால் பேசுகிறது: ஒரு மாதத்தின் மழை அளவோ, 5 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்த நாள்களின் எண்ணிக்கையோ பத்தாண்டுக்கு ஒரு தடவைக்கும் குறைவாகவே நிகழக்கூடிய அளவாக இருந்தால் காலமும் பணமும் உண்டு, இல்லையேல் இரண்டும் இல்லை.

இதை யாழ்ப்பாணத்துக்குப் பொருத்திப் பார்த்தால் விடை ஒன்றே. நவம்பரில் 350 மில்லிமீற்றர் மழை பெய்தது என்று எழுதி எந்த ஒப்பந்தகாரரும் கால நீடிப்புக் கோர முடியாது, அது சராசரி. ஜூலையில் ஒரே வாரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் கோரலாம். நடைமுறையிலோ சாதாரண மாரிக்கே கால நீடிப்பு கேட்கப்படுகிறது. பல வேளைகளில் கொடுக்கவும்படுகிறது, ஏனென்றால் வேலை பிந்தித் தொடங்கியதற்குத் தாங்களும் காரணம் என்பது கொடுப்பவருக்குத் தெரியும். இரு தரப்பும் வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் கோப்பு சுத்தமாக மூடப்படுகிறது. அடுத்த ஆண்டுக்கான பாடம் மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஆவணங்களைக் கொண்டு நடக்கும் உள்ளூர் வேலைகளிலும், கேள்வி ஆவணத்தின் தரவுப் பக்கத்தில் மாதவாரியாக எத்தனை நாள் வேலை மழையால் இழப்பது வழமையானதாகக் கொள்ளப்படும் என்று ஓர் அட்டவணையைச் சேர்த்தால் போதும், பாதிச் சண்டை குறைந்துவிடும். ஜனவரியில் 6 நாள், நவம்பரில் 22 நாள் என்பதுபோல் எண் எழுதிவிட வேண்டும். அதற்கு மேல் போனதுதான் விதிவிலக்கு.

பதிவு இல்லாத கோரிக்கை நிற்காது. ஃபிடிக் 1999இன்படி நிகழ்வை அறிந்த 28 நாள்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். முழு விவரம் 42 நாள்களுக்குள். அறிவித்தல் தவறினால் நியாயமான கோரிக்கையும் செத்துவிடும். வேலைத்தளத்தில் ஒரு மழைமானி, காலை எட்டரைக்கு அளந்து எழுதும் ஒருவர், அன்று எந்த வேலை எத்தனை மணிக்கு நின்றது, எந்த இயந்திரம் சும்மா நின்றது, மண் எப்போது மறுபடி வேலைக்கு ஆனது என்று எழுதிப் பொறியியலாளரின் பிரதிநிதியும் கையெழுத்திட்ட நாட்குறிப்பு. செலவென்று பார்த்தால் அற்பம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண நிலையப் பதிவு அவசியம்தான். ஆனால் நகரில் தூறலாக இருக்கும்போது பருத்தித்துறையில் கொட்டுவது இங்கே வழக்கம். வடமராட்சி வீதிக்கு நகரத்து மழையை வைத்து வழக்காட முடியாது.

சிறிய ஒப்பந்தகாரர்களின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வாடகைக்கு எடுத்த பெக்கோ, வாடகை ரோலர், வங்கிக் கடன். மிகக் குறைந்த விலைமனுவுக்கே வேலை என்னும்போது மழைக்கென்று விலையில் இடம் வைத்தவர் தோற்றுப்போகிறார். வைக்காதவர் வேலையைப் பெற்று மழையில் மூழ்குகிறார். செய்த வேலைக்கான பட்டியல் பணம் பிந்தினால் டிசம்பரில் ஈர மண்ணின் மேல் ரோலரை ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது. அந்த வீதியின் முதல் குழிக்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மழையை மட்டும் பேசி வெயிலை விட்டுவிடக்கூடாது. உலர்ந்த மாதங்களில் தட்டுப்பாடு தண்ணீருக்கு. மண்ணை உகந்த ஈரத்துக்குக் கொண்டுவரப் பவுசர் பவுசராக நீர் வேண்டும். அதே மாதங்களில் தோட்டக் கிணறுகளும் இறங்கிக் கிடக்கும். கடலேரி நீர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அள்ளித் தெளிக்கக்கூடாது. உப்பு, மெல்லிய தார்ப்பூச்சுக்கு அடியில் மேலெழும்பிப் படிகமாகிக் கொப்புளங்களை உண்டாக்கும். தார் உரிந்து வரும். நீரை எங்கிருந்து எடுப்பது என்பதை ஜனவரியிலேயே ஊரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொங்கிறீற்றின் மேல்முகம் இறுகுமுன் வறண்டு வெடிக்கும். விடியற்காலையில் வார்த்து உடனே ஈரச் சாக்கால் மூடுவது நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் இந்த உலர் காலத்திலேயே வருகின்றன. நகரைச் சுற்றிய வீதிகளின் அட்டவணையில் அந்த நாள்களை முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

இனி, புயல். 1964 டிசம்பர் 22, 23இல் வடக்கைத் தாக்கிய புயலை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2008 நவம்பர் 25ஆம் திகதி, நிஷா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் மழை பதிவானது. ஒரு முழு நவம்பரின் மழை ஒரு நாளில். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல். 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வா. திகதிகளைக் கவனியுங்கள்: எல்லாம் நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பருக்குள். எந்த ஆண்டில் வரும் என்பதைத்தான் சொல்ல முடியாது. எந்த வாரங்களில் வரக்கூடும் என்பது தெரியும். அந்த வாரங்களில் திறந்து கிடக்கும் வீதியின் நீளம் எவ்வளவு என்பதே கேள்வி.

இந்தத் திறந்த நீளத்தை ஒப்பந்தத்திலேயே கட்டுப்படுத்தலாம். செப்டெம்பர் 30க்குப் பிறகு புதிதாக எந்த மதகையும் வெட்டக்கூடாது. ஒக்டோபர் 10க்குள் எல்லாச் சல்லித் தளமும் தார்ப்பூச்சு பெற்றிருக்க வேண்டும். முடிக்க முடியாத மதகுகளுக்குத் தற்காலிகக் குழாய் போட்டு நீர்வழி திறந்திருக்க வேண்டும். வெட்டிய வீதியோரங்கள் மட்டத்துக்கு நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இந்தத் திகதிகளை இறுதித் திகதிக்குச் சமமான கடப்பாடாக எழுதி, தவறினால் பணம் பிடிக்க வேண்டும். முன்னறிவிப்பும் அப்போதுதான் பயன்படும். தாழமுக்கம் உருவாகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்ன பின் மூன்று, நான்கு நாள்கள் கிடைக்கும். எண்ணூறு மீற்றர் திறந்திருந்தால் அந்த நாள்களில் மூடிவிடலாம். ஆறு கிலோமீற்றர் திறந்திருந்தால் எச்சரிக்கையைக் கேட்டுக் கவலைப்பட மட்டுமே முடியும்.

மாரி மூன்று மாதமும் வேலையில்லாத மாதங்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். மதகுப் பெட்டிகளையும் வடிகால் மூடிகளையும் கூரையின் கீழ் வார்க்கலாம். மின்கம்பம், நீர்க்குழாய் மாற்றுவதற்கான கடிதங்கள் ஓடலாம். காணி அளவையும் இயந்திரத் திருத்தமும் நடக்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெறுமதியான ஒரு வேலை உண்டு, அதை மாரியில் மட்டுமே செய்யலாம்: அடுத்த ஆண்டு போடவிருக்கும் வீதியில் கொட்டும் மழையில் நடந்து பார்ப்பது. நீர் எங்கே வீதியைக் கடக்கிறது, எந்த வளவுக்குள் திரும்புகிறது, எந்தப் பழைய மதகு அடைபட்டுக் கிடக்கிறது, எந்தப் பள்ளத்தில் இரண்டு நாள் கழித்தும் தேங்கி நிற்கிறது என்பதைக் கையில் மட்டக்கோலோடு குறித்துவந்தால் அதற்கு ஈடான வடிகால் அளவை வேறில்லை. ஓகஸ்டில் வரும் வடிவமைப்பாளருக்கு எல்லாப் பள்ளமும் மேடாகத்தான் தெரியும். வீதியோரத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், 2008இல் வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்த உயரமும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

உங்கள் ஊரில் வீதி வேலை நடந்தால், ஓரத்தில் நட்டிருக்கும் திட்டப் பலகையில் தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் பாருங்கள். ஓகஸ்டுக்குப் பின் தொடங்கி டிசம்பருக்குள் முடிவதாக எழுதியிருந்தால், மதகும் மண்வேலையும் உள்ள வீதிக்கு அந்தத் திகதிகள் எப்படிப் பொருந்தும் என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர் அலுவலகத்திலோ பிரதேச சபையிலோ கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலைத்திட்ட அட்டவணையையும், மாரிக்கு முன் எந்தப் பகுதிகள் மூடப்படும் என்ற விவரத்தையும் எழுத்தில் கோரலாம். 14 வேலை நாள்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை ஜூலையில் கொடுங்கள். பதில் வரும்போது வெட்டிய வீதியை மூட இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.